பெத்தானியாவுக்குப் போன சாயங்காலங்கள்



நமது ஆண்டவராகிய சேசுநாதர் தாம் பாடுபடுவதற்கு முந்தின கடைசி நாட்களை எங்கே கழித்தார் என்று யாராவது உங்களைக் கேட்டால், ஜெருசலேமில் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அது பாதிதான் சரி. பகலில் அவர் ஜெருசலேமில் இருந்தார். தேவாலயத்தில் போதித்தார், வியாபாரிகளைத் துரத்தினார், பரிசேயரோடும் வேதபாரகரோடும் வாதாடினார். ஆனால் சாயங்காலமானதும் பட்டணத்தில் தங்க அவருக்கு மனமில்லை. ஜனங்கள் ஆர்ப்பரித்து அவரை அழைத்துவந்த அதே நாளில், அவர் தேவாலயத்துக்குள் போய் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்தபடியால் பன்னிருவரோடும் பெத்தானியாவுக்குப் புறப்பட்டுப் போனார் என்று அர்ச். மாற்கு எழுதுகிறார். அங்கே அவர் இராத் தங்கினதை அர்ச். மத்தேயுவும் சொல்லுகிறார்.

பெத்தானியா பெரிய ஊரல்ல. ஒலிவ மலைக்கு அப்பால், கீழ்ச்சரிவில் இருந்த நாட்டுப்புறத்துக் கிராமம். ஜெருசலேமிலிருந்து 15 ஸ்தாதியம் தூரம் என்று அர்ச். அருளப்பர் கணக்கே கொடுத்திருக்கிறார். நம்முடைய கணக்கில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். நம் பக்கத்தில் வரப்பு வழியாக அடுத்த ஊருக்கு நடக்கிற தூரம், அவ்வளவுதான். அந்த ஊருக்கு இன்று அரபு பாஷையில் வழங்குகிற பெயர் எல் அசாரியா. லாசருடைய பெயரிலிருந்து வந்த பெயர் அது. ராஜாக்களின் பெயரும் சேனாபதிகளின் பெயரும் எத்தனையோ ஊர்களிலிருந்து அழிந்துபோயிருக்க, ஆண்டவருக்குப் பாய் விரித்துச் சோறு போட்ட ஒரு சிநேகிதனுடைய பெயர் இன்னும் அந்த ஊரில் நிற்கிறது.

அவர் ஏன் அங்கே போனார்? மார்த்தம்மாளும் மரியம்மாளும் லாசரும் அவருக்குப் பணம் கொடுக்கவா? வழக்குத் தீர்க்கவா? ஒன்றும் இல்லை. அவர்களை அவர் நேசித்தார் என்று சுவிசேஷம் ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறது. பகல் முழுதும் தம்மைச் சோதிக்கிறவர்களுக்கும், சொல்லில் குற்றம் பிடிக்கிறவர்களுக்கும் நடுவே நின்ற மனிதருக்கு, சாயங்காலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார ஒரு வீடு தேவைப்பட்டது. சர்வேசுரன் மனிதனானார் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்லும்போது நாம் தலை வணங்குகிறோமே, அவர் விருந்தாளியாகவும் ஆனார் என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது.

முன்னாட்களில் ஜூலை மாதம் 29-ம் தேதி அர்ச். மார்த்தம்மாளின் திருநாளாக மட்டும் இருந்தது. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ம் வருஷத்தில், அந்த நாளில் மரியம்மாளையும் லாசரையும் சேர்த்து மூவரையும் நினைவுகூரும்படி ஏற்படுத்தினார். ஒரு வீடு முழுவதற்கும் திருநாள். குடும்பஸ்தர்களாகிய உங்களுக்கு இது சந்தோஷம் தரவேண்டிய காரியம்.

இனி நம்முடைய சீமைக்கு வருவோம்.

நீங்கள் வில்லியனூர்க் கடைத்தெருவில் குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் உங்களுக்குச் சிநேகிதமான குடும்பம் ஒன்று இருக்கிறது. சேர்ந்து படித்தவர், அல்லது மேட்டுப்பாளையத்திலோ சேதராப்பட்டிலோ ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறீர்கள். பேருந்தை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சும்மா சொல்லவில்லை. ஏரிக்கரைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று. எங்கோ ஒரு மோட்டார் கொட்டகையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். வீட்டுக்கு முன்னால் உங்களைக் கண்டதும் முதலில் கத்துவது நாய், பிறகு அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை.

திண்ணையில் பாய் விரிக்கிறார்கள். சொம்பில் தண்ணீர் வருகிறது. அந்த வீட்டு அம்மாள் உள்ளே போய், பையனைப் பின்வாசல் வழியாக அனுப்பி, பக்கத்து வீட்டில் சர்க்கரை கைமாற்று வாங்குவதை நீங்கள் பார்க்காதது போல இருக்கிறீர்கள். அவித்த மணிலாக்கொட்டை ஒரு முறம் நிறைய வந்து நடுவில் உட்காருகிறது. அதை உரித்துக்கொண்டே பேச்சு நடக்கிறது. முதலில் மழையைப் பற்றி. பிறகு உர விலை. பிறகு யாருக்கு எங்கே பெண் பார்த்தார்கள் என்று. இருட்டின பிறகு, தோலெல்லாம் ஒரு குவியலாகச் சேர்ந்த பிறகு, உங்கள் சிநேகிதர் குரலைத் தாழ்த்தி, மகன் இரண்டு மாதமாக வீட்டோடு பேசுவதில்லை என்று சொல்லுகிறார். அல்லது நகை அடகில் இருப்பதைச் சொல்லுகிறார். இதை அவர் கோவில் வாசலில் உங்களிடம் சொல்லியிருப்பாரா? கைபேசியில் சொல்லியிருப்பாரா? அந்த வார்த்தை வெளியே வர ஒரு முறம் மணிலாக்கொட்டையும் இரண்டு மணி நேரமும் வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட சாயங்காலங்கள் நம்மிடத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. கலியாணத்துக்குப் போகிறோம், மொய் எழுதுகிறோம், பந்தியில் சாப்பிட்டு ஓடி வருகிறோம். சாவுக்குப் போகிறோம். மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை வந்தால் போகிறோம். காரணம் இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போவது என்றால், என்ன விசேஷம், ஏதாவது பணம் கேட்க வந்திருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் சந்தேகம் வந்துவிடுகிறது. போனாலும் தொலைக்காட்சிப் பெட்டியை யாரும் அணைப்பதில்லை. விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போய் வருகிறோம் என்று சொல்லிக்கொள்ளுகிறார்கள். பாருங்கள், முகம் சற்றுத் திரிந்தாலே விருந்தாளி வாடிவிடுவான் என்று அனிச்சப் பூவை உவமை காட்டினார் வள்ளுவர். முகத்தையே பார்க்காத காலத்துக்கு அவர் என்ன உவமை தேடுவாரோ!

நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பாகூர்க் கொம்யூன் ஊர்கள் கடலூர்ப் பக்கத்து ஊர்களோடு கலந்து கிடக்கின்றன. ஒரு வயல் இந்தப் பக்கம், அடுத்த வயல் அந்தப் பக்கம். 1954-ம் வருஷம் நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சு ஆட்சி கைமாறுவதற்கு முந்தின சில வருஷங்களில் எல்லையில் சுங்கச் சாவடி இருந்தது, சோதனை இருந்தது, அனுமதிச் சீட்டு இருந்தது. அத்தை வீடு அந்தப் பக்கம் இருந்தால் அத்தை அந்நிய தேசத்தாள்! அப்படியிருந்தும் ஜனங்கள் போனார்கள், வந்தார்கள். இப்போது சாவடியும் இல்லை, சீட்டும் இல்லை. இரு சக்கர வண்டி வீட்டுக்கு வீடு நிற்கிறது. எல்லை எங்கே இருக்கிறதென்றால், நம் வாசற்படியில் இருக்கிறது.

மார்த்தம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் பிரசங்கங்களில் அந்தப் புண்ணியவதிக்கு அநியாயம் நடக்கிறது. ஆண்டவர் அவளைக் கண்டித்தார் என்பது உண்மை. ஆனால் எதற்காக? அவள் சமைத்ததற்காக அல்ல. பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வந்து இறங்கினால், யாராவது அடுப்பு மூட்டித்தானே ஆகவேண்டும்? அவள் பல காரியங்களைப் பற்றிக் கலங்கினாள், தங்கையின் மேல் புகார் சொன்னாள். அதைத்தான் அவர் கண்டித்தார். பிறகு ஒரு விருந்தில், பாஸ்குத் திருநாளுக்கு ஆறு நாள் முன்பு, அவள் திரும்பவும் பரிமாறிக்கொண்டிருந்தாள் என்று அர்ச். அருளப்பர் எழுதுகிறார். அப்போது யாரும் அவளைக் கண்டிக்கவில்லை. லாசர் இறந்த சமயத்தில் முதலில் ஊருக்கு வெளியே ஓடி ஆண்டவரைச் சந்தித்து, அவரை சர்வேசுரனுடைய குமாரனென்று அறிக்கையிட்டதும் இந்த அடுப்படிக்காரிதான்.

ஆனாலும் நம் வீடுகளில் நடப்பது என்ன? விருந்தாளி வந்தால் ஆண்பிள்ளைகள் திண்ணையில் உட்காருகிறார்கள். பெண்பிள்ளைகள் புகையில் நிற்கிறார்கள். வந்த அம்மாளும் உள்ளே போய் வெங்காயம் உரிக்கத் தொடங்குகிறாள். அந்த வீட்டு அம்மாள் கடைசியில், எல்லோரும் கை கழுவின பிறகு, மீந்ததைச் சாப்பிடுகிறாள். மரியம்மாளைப் போலப் பாதத்தடியில் உட்கார்ந்து பேச்சைக் கேட்கிற பாக்கியம் அவளுக்கு எப்போது? ஆகையால் வீட்டு எஜமானர்களே, விருந்தாளி வருகிற சாயங்காலத்தில் நீங்கள் எழுந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தால் உங்கள் மரியாதை குறைந்துபோகாது. அர்ச். பெனெடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் தமது சந்நியாசிகளுக்கு எழுதிவைத்த ஒழுங்கில், 53-ம் அதிகாரத்தில், வருகிற விருந்தாளியைக் கிறிஸ்துநாதரைப் போல ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று சொல்லி, மடத்துத் தலைவரே விருந்தாளியின் கைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டுமென்று கட்டளையிட்டிருக்கிறார். மடாதிபதி செய்யலாமென்றால் குடும்பத் தலைவர் செய்யக்கூடாதா?

இதுவரை சொன்னது எல்லோருக்கும் இனிப்பாக இருந்திருக்கும். இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் முழுவதும் வாசியுங்கள்.

யாருடைய வீட்டுக்கு நாம் போகிறோம்? யாருடைய வீட்டுக்குப் போவதில்லை?

அந்தக் கடைசி வாரத்து விருந்து பெத்தானியாவில் குஷ்டரோகி சீமோன் என்பவனுடைய வீட்டில் நடந்தது என்று அர்ச். மத்தேயுவும் அர்ச். மாற்கும் எழுதுகிறார்கள். நோயுள்ளவன் ஊருக்குள் வீடு வைத்து விருந்து செய்ய மோயீசனின் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே அவன் குணமானவனாகத்தான் இருக்கவேண்டும். நோய் போயும் பெயர் போகவில்லை. குஷ்டரோகி சீமோன், அந்த வீடு, அந்தத் தெரு என்று ஊர் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆண்டவர் அந்த வீட்டில்தான் பந்தியில் அமர்ந்தார்.

நம் பக்கத்தில் நோயே இல்லாமல் இப்படிச் சுட்டிக்காட்டப்படுகிற தெருக்கள் இல்லையா? ஊர் என்று ஒன்று, காலனி என்று ஒன்று. இரண்டிலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒரே பீடத்தில் நன்மை வாங்குகிறவர்கள். புதுச்சேரிக்கு இது புதிய கதையல்ல. ஆனந்தரங்கப் பிள்ளை தமது தினசரியில் எழுதிவைத்திருக்கிறார்: 1745-ம் வருஷம் சம்பா கோவிலுக்குள் சாதிக்காரக் கிறிஸ்தவர்களுக்கும் ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் பாதிரியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, இந்தப் பேதம் என்ன என்று நியாயம் கேட்டார்கள். அவர் அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டார்; சுவர் இடிக்கப்பட்டது. அதைக் கண்டு சாதிக்காரர் கலகம் செய்தார்கள் என்பதும் எழுதியிருக்கிறது. நம்முடைய பாட்டன்மார் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்று ஒவ்வொருவரும் யோசித்துக்கொள்ளலாம்.

கோவிலுக்குள் இருந்த அந்தச் சுவர் இடிந்தது. வீடுகளுக்கு நடுவில் இருப்பது இடியவில்லை. 2016-ம் வருஷத்தில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களைப் பற்றி வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நடக்கிறது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதை நாம் மறுப்பதில் பிரயோஜனமில்லை.

தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்தால் சட்டம் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் என்ன செய்கிறோம்? சாதாரண விருந்தாளிக்கு எவர்சில்வர் டம்ளரில் காப்பி. காலனியிலிருந்து ஒருவர் வந்தால் அன்றைக்கு மட்டும் காகித டம்ளர். கேட்டால், கழுவுகிற வேலை மிச்சம் என்கிறோம். கழுவுகிற வேலை ஏன் அவர் வருகிற நாளில் மட்டும் கனக்கிறது? சர்வேசுரனுக்கு முன்பாகப் பதில் சொல்லுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.

காலனிக்கு நாங்கள் போகாமல் இல்லையே, கிறிஸ்துமஸ் சமயத்தில் அரிசி கொடுக்கிறோம், போர்வை கொடுக்கிறோம், மழைக் காலத்தில் பொட்டலம் கொடுக்கிறோம் என்று நல்ல மனதோடு சிலர் சொல்லுவார்கள். கொடுங்கள், நிறுத்தவேண்டாம். ஆனால் கொடுக்கப் போகிறவன் வாசலில் நிற்கிறான். விருந்தாளி உட்காருகிறான். கொடுக்கிறவன் கை மேலே இருக்கிறது. தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவன் கை கீழே வரவேண்டும். அதுதான் நமக்குக் கஷ்டமாயிருக்கிறது. சமாரியப் பெண்ணைக் கிணற்றடியில் சந்தித்த ஆண்டவர் அவளுக்கு எதையும் கொடுப்பதாகத் தொடங்கவில்லை. தமக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். யூதன் சமாரியர் கையால் தண்ணீர் வாங்கமாட்டான் என்று அவளே திகைத்துப்போனாள். அவர் கேட்டது தாகத்தினால்தான், வேஷத்துக்காக அல்ல. ஆனாலும் அந்த ஒரு கேள்வியில் அவள் பிச்சைக்காரி நிலையிலிருந்து வீட்டுக்காரி நிலைக்கு உயர்ந்துவிட்டாள்.

காலனியில் குடியிருக்கிற குடும்பத்தாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அழைத்தால் வரமாட்டார்களோ, வந்து தண்ணீர் வேண்டாமென்று சொல்லி நம்மை அவமானப்படுத்திவிடுவார்களோ என்று நீங்கள் தயங்குவது நியாயம். அப்படிப்பட்ட அவமானத்தைப் பட்டவர்கள் அதைத் திரும்பவும் தேடிப்போகவேண்டும் என்று உங்களுக்குப் புத்தி சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. முதல் அடி மற்றவர் எடுத்துவைக்க வேண்டியது. சக்கேயு மரத்தின் மேல்தான் ஏறி உட்கார்ந்தான், அவன் அழைக்கவில்லை. ஆண்டவரே அண்ணாந்து பார்த்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று தாமாகச் சொன்னார். கூட்டம் முறுமுறுத்தது. முறுமுறுப்பைக் கேட்டுக்கொண்டே அவர் உள்ளே போனார்.

2024-ம் வருஷம் நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்ததே, மறந்திருக்கமாட்டீர்கள். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பிறகு சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி, சங்கராபரணியும் பெருகி, பாகூர்ப் பக்கமும் வில்லியனூர்ப் பக்கமும் தண்ணீருக்குள் நின்றன. இடுப்பளவு தண்ணீரில் வருகிற படகிடம், நீ எந்தத் தெருவில் கட்டின படகு என்று யாராவது கேட்டோமா? மாடி இருந்த வீட்டில் ஏறினோம். யாரோ சமைத்ததைச் சாப்பிட்டோம். ஆக, முடியாத காரியம் அல்ல. தண்ணீர் வடிந்தவுடன் பழைய வரப்பு மேலே தெரிந்துவிட்டது, அதுதான் சங்கதி.

வில்லியனூர் லூர்து மாதா கோவில் திருநாளுக்கு, பாஸ்கு காலத்தில், எத்தனை ஊர் ஜனங்கள் வந்து மரத்தடியில் பாய் போட்டுப் படுக்கிறார்கள்! அங்கே கட்டுச்சோற்றை அவிழ்த்தால் பக்கத்தில் இருக்கிற குழந்தைக்கு ஒரு உருண்டை போகிறது. யார் பிள்ளை என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், கேட்காமல் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். தேவதாய் தாமும் மலைநாட்டுக்கு நடந்துபோய், எலிசபெத்தம்மாள் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினவர் அல்லவா? அவருடைய திருத்தலத்துக்கு வந்துவிட்டு, திரும்பும் வழியில் ஒரு வீட்டுக்கும் போகாமல் ஊர் போய்ச் சேர்ந்தால் யாத்திரையில் ஏதோ குறைகிறது என்றே எண்ணுகிறேன்.

இதற்குச் செலவு இல்லை என்று நான் சொல்லவில்லை. லாசருடைய வீட்டுக்கு என்ன நேரிட்டது? அவனைப் பார்க்க ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வந்தபடியால், பிரதான குருக்கள் அவனையும் கொலைசெய்ய ஆலோசனை செய்தார்கள் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. உங்களுக்கு உயிருக்கு ஆபத்து வராது. ஆனால் சொந்தக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடும். நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வீட்டுக்குள்ளேயே ஒரு குரல் எழும்பும். அந்தக் குரல் பெரும்பாலும் பாட்டியுடையது என்று சொல்லுவார்கள். சில வீடுகளில் படித்த பேரனுடையது.

ஆகையால் வருகிற வாரத்தில் ஒரு சாயங்காலத்தை ஒதுக்கிவையுங்கள். எந்த வீடு என்று பூசை முடிந்து திரும்பும்போதே புருஷனும் மனைவியும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இதுவரை நீங்கள் உட்கார்ந்திராத வீடாக இருக்கட்டும். உங்களோடு ஒரே வாங்கில் முழங்காலிடுகிறவர்கள், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர், தனியாக இருக்கிற கிழவி, யாராகவும் இருக்கலாம். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். ஏழை வீட்டில் திடீரென்று போய் நின்றால் அவர்களுக்குத்தான் சங்கடம். பெரிய பரிசு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். போனால் விருந்து மறுபடியும் தர்மமாகிவிடும். கொஞ்சம் பழம் போதும். பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், அவர்கள் இப்போது பார்ப்பதைத்தான் பின்னால் செய்வார்கள். கைபேசியைப் பைக்குள் வையுங்கள். செபமாலை நேரம் வந்தால் அவர்களோடு சேர்ந்து சொல்லுங்கள். அந்த வீட்டுத் தலைவர் முந்திச் சொல்லட்டும், நீங்கள் பிந்திச் சொல்லுங்கள். பாயில் உட்காரச் சொன்னால் பாயில், நாற்காலி எடுத்துப் போட்டால் நாற்காலியில். கொடுக்கிற தண்ணீரைக் குடியுங்கள், தட்டில் வைத்ததைச் சாப்பிடுங்கள். இப்போதுதான் சாப்பிட்டு வந்தோம் என்பது நம் பக்கத்தில் வெகுநாளாக வழங்குகிற பொய். அது உண்மையாகிவிடாதபடி, புறப்படுகிற அன்றைக்கு வீட்டில் உலை வைக்கவேண்டாம்.